துக்கமும் பிள்ளைப் பயமும்: சாட்ஸ்வொர்த் வீட்டுக்குள் ஒரு பேய்க் குறும்படம்

தாழ்வாரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரே வீட்டுக்குள் நடக்கும் 14 நிமிடக் குறும்படம் இது. அம்மா இறந்த நாளில் தொடங்கி பதினாறாம் நாள் கருமாதியில் முடிகிறது. வீட்டில் மூன்றே பேர்: அப்பா, அப்பாவைப் பெற்ற ஆயா, ஒரு சின்னப் பெண். கட்டிலுக்கடியில் ஏதோ இருக்கிறது என்று பெண் நம்புகிறாள். வந்திருப்பது அம்மாவா, அம்மா மாதிரி வேறொன்றா என்பதுதான் கதை.

முதல் வரைவில் பயமுறுத்தும் இடம் ஒன்பது வைத்திருக்கிறேன். பயம் ஒரு பக்கமும் துக்கம் இன்னொரு பக்கமுமாக ஓடுகின்றன, இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். பெண்ணுக்கு வயது ஐந்து வைக்கலாமா, எட்டு வைக்கலாமா? உருவத்தைக் காட்டலாமா? காமாட்சி விளக்கு மட்டும் எரியும் காட்சிகளுக்கு என்ன ஒளி வைப்பது? டொக்கொலோஷிக்கு (ராத்திரியில் வரும் என்று இங்கே அஞ்சும் குட்டைப் பேய்) பயந்து கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றியிருப்பதாக எழுதியிருக்கிறேன், அது நிற்குமா?

கதைக்கட்டு

முதலில் வயதை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வரும்.

மரியா நாஜி என்ற உளவியலாளர் புடாபெஸ்டில் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 பிள்ளைகளிடம் சாவு பற்றிக் கேட்டு 1948இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகைப் படம் எழுதுகிறவர்களுக்கு ரொம்ப உதவும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சாவு என்றால் ஊருக்குப் போன மாதிரி, போனவர் திரும்பி வருவார். ஐந்திலிருந்து ஒன்பது வரை சாவு ஒரு ஆளாக வருகிறது, இருட்டில் வந்து பிடித்துக்கொண்டு போகிற ஆள். ஒன்பதுக்கு மேல்தான் எல்லோருக்கும் வரும், வந்தால் திரும்பாது என்று புரிகிறது. ஆள் உருவம் கொடுக்கும் அந்த நடுக்கட்டம் மற்ற நாட்டு ஆய்வுகளில் அவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1984இல் ஸ்பீஸ், பிரென்ட் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். செத்தவர் திரும்ப மாட்டார், உடம்பு வேலை செய்யாது, சாவு எல்லோருக்கும் உண்டு ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே புரிகின்றன என்றார்கள்.

இதைக் கதைக்குள் வையுங்கள். பெண்ணுக்கு ஐந்து வயது என்றால் அவள் அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். கதவு தட்டினால் ஓடிப்போய்த் திறப்பாள். பயம் பார்க்கிற நமக்குத்தான், அவளுக்கில்லை. எட்டு என்றால் அம்மா வரமாட்டாள் என்று தெரியும். அப்புறம் கதவு தட்டினால் திறக்க மாட்டாள். இரண்டும் நல்ல படம்தான், ஆனால் இரண்டும் ஒரே படம் ஆகாது. ஒன்பது பயத்தில் பாதி ஐந்து வயசுக்காரிக்கும் மீதி எட்டு வயசுக்காரிக்கும் எழுதப்பட்டிருந்தால் நீங்கள் சொல்லும் சிக்கல் வரத்தான் செய்யும்.

என்னைக் கேட்டால் ஆறு. பாதி புரிந்த பிள்ளை. அதோடு பெரியவர்கள் அவளிடம் சொன்ன ஒரே ஒரு பொய்யிலிருந்து மொத்தப் பயத்தையும் எடுங்கள். “அம்மா தூங்குறாங்கம்மா” என்று சாவு வீட்டில் யாராவது ஒரு அத்தை கண்டிப்பாகச் சொல்வாள். துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் இந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள் என்று ஆலோசகர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள், ஏனென்றால் அன்று ராத்திரியிலிருந்து அந்தப் பிள்ளை தூங்கப் பயப்படும். அப்பா நாற்காலியில் கண்ணை மூடினாலே அவளுக்கு வயிறு கலங்கும். இதற்குப் பேய் ஒப்பனையே வேண்டாம். அப்பா கண்ணயர்வதும், அவள் ஓடிவந்து இமையை விரலால் பிரித்துப் பார்ப்பதும் ஒரே ஷாட்டில் இருந்தால் போதும், பயமும் துக்கமும் ஒன்றாகிவிடும்.

மஞ்சள்நூல்

சடங்குப் பக்கம் கொஞ்சம். வீட்டுக்கு வீடு முறை மாறும், அதனால் உங்கள் கதைக் குடும்பம் எந்த முறைக்காரர்கள் என்று தீர்மானித்து அந்த முறை தெரிந்த பூசாரி ஒருவரிடம் காட்சியை வாசித்துக் காட்டுங்கள். பொதுவாகப் பதினாறு நாளும் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும், அது அணையாமல் பார்த்துக்கொள்வார்கள். அடுப்பு எரியாத நாட்களில் அக்கம்பக்கம் சாப்பாடு கொண்டுவருவார்கள். கருமாதியன்று இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படையல் போடுவார்கள்.

பிள்ளை கண்ணால் பாருங்கள். அம்மா இல்லை என்கிறார்கள், அம்மாவுக்கு இலை போடுகிறார்கள். அம்மா வந்து சாப்பிடுவாள் என்கிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். கதவு திறந்த பிறகு இலையில் எல்லாம் வைத்தபடி இருக்கிறது. பெரியவர்கள் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று பெண் கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. உங்கள் உச்சக்காட்சி அங்கேதான் இருக்கிறது. இலையில் எதையும் நகர்த்த வேண்டாம், ஒரு பருக்கைகூட.

படையலை அலங்காரம் பண்ணாதீர்கள். கறி சாப்பிட்ட அம்மா என்றால் இலையில் கறி இருக்கட்டும். காப்பி குடித்தவள் என்றால் அவள் குடித்த அதே கோப்பை.

உம்கேனிக்கரை

டொக்கொலோஷி பற்றி நேராகவே சொல்கிறேன். அது சூலு, கோசா மக்கள் இன்றும் நிஜமாகவே அஞ்சும் ஒன்று. குட்டையான உரோமப் பொம்மையை ஓடவிட்டால் அவர்கள் நம்பிக்கையை வேடமாக்குவதாக ஆகிவிடும். ஆனால் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றும் வழக்கத்தைத் தென்னாப்பிரிக்காவில் அறியாத வீடு குறைவு, இந்திய வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பயம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடும். அதனால் உருவத்தைக் காட்டாதீர்கள், செங்கலைக் காட்டுங்கள். அதிலும் செங்கலை வைத்தது அம்மா என்று வையுங்கள். பெண் பயப்படுகிறாள் என்று அம்மா உயிரோடிருந்தபோது வைத்த செங்கல். கருமாதிக்கு வீட்டைக் கழுவும்போது அப்பா அதை எடுத்து முற்றத்தில் போட்டுவிடுகிறார். பிள்ளைக்குக் காவல் போய்விட்டது, அப்பாவுக்கு அது வெறும் செங்கல்.

அளவு: இங்கே கிடைக்கும் சாதாரணச் செங்கல் 222 × 106 × 73 மில்லிமீட்டர். படுக்கவைத்து இரண்டு அடுக்கினால் 146 மில்லிமீட்டர் உயரும். செங்குத்தாக ஒன்றே நிறுத்தினால் 222 வரும், பார்க்கவும் பயங்கரமாக இருக்கும், ஆனால் பிள்ளை கட்டிலில் புரண்டால் கவிழும். படுக்கவைத்து இரண்டே அடுக்கு, அடியில் ரப்பர் விரிப்புத் துண்டு, கால் செங்கலின் நடுவில். படப்பிடிப்பு முழுவதும் ஒருவர் நான்கு மூலையையும் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

விளக்குத்திரி

ஒளி. எண்ணெய் விளக்குச் சுடரின் நிறவெப்பநிலை கிட்டத்தட்ட 1900 கெல்வின். கேமராவின் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 3200இல் வைத்தால் சுடர் ஆரஞ்சாகவே நிற்கும், அதுதான் வேண்டும். தானியங்கி வெண்சமநிலையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளக்குக்கு முன்னால் யாராவது நடக்கும்போதெல்லாம் சுவர் நிறம் மாறும்.

ஒற்றைத் திரியை மட்டும் நம்பி முகம் எடுக்க முடியாது. விளக்குக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாதபடி, 25 அல்லது 40 வாட் பழைய இழை பல்பு ஒன்றை டிம்மரில் வையுங்கள். பாதிக்கும் கீழே இறக்கினால் பல்பும் சிவந்து சுடரோடு சேர்ந்துகொள்ளும். டிம்மரை ஒருவர் விரலால் மெல்ல ஆட்டட்டும், சுடர் ஆடும்போது மட்டும். எல்இடி பல்பை டிம்மரில் போட்டால் கோடுகோடாக வரும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. அப்படியும் விலை குறைந்த எல்இடி சில துடிக்கும், டேக்குக்கு முன் திரையில் பெரிதாக்கிச் சுவரைப் பாருங்கள்.

கேமரா உயரத்தை மறந்துவிடாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 105 சென்டிமீட்டரில் இருக்கும். முக்காலியை அங்கே பூட்டிவிட்டுப் பெரியவர்களின் இடுப்பும் கையும் மட்டும் தெரிகிற மாதிரி முதல் பாதியை எடுங்கள். 35 மி.மீ. லென்ஸ் போதும். அகல லென்ஸ் போட்டு முகத்தைக் கோணலாக்கினால் பயம் லென்ஸிலிருந்து வந்ததாகிவிடும்.

1961இல் வந்த ‘தி இன்னசன்ட்ஸ்’ படத்தில் ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ் ஃபில்டரின் ஓரங்களில் கையால் வண்ணம் பூசி அகலத் திரையின் இரண்டு பக்கத்தையும் இருட்டாக்கினார். பார்வையாளர் கண் அந்த இருட்டைத் தேடிக்கொண்டே இருக்கும். நமக்கு இப்போது கணினியில் அதே வேலை நடக்கும், ஆனால் எடுக்கும்போதே ஓரத்தில் வெறும் சுவரையும் திறந்த கதவையும் விட்டுவைத்தால்தான் பயன்.

ஜன்னலைக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பால் மூடிப் பகலிலேயே இரவுக் காட்சி எடுக்கலாம், பிள்ளைக்கும் அது நல்லது. டிசம்பர், ஜனவரியில் வேண்டாம், மூடிய அறையில் ஒலிக்காக மின்விசிறியையும் அணைத்தால் யாரும் உட்கார முடியாது. ஜூன், ஜூலை சரி, பொழுதும் மாலை ஐந்து மணியளவில் சாய்ந்துவிடும். பிளாஸ்டிக் விரிப்புக்கும் எண்ணெய் விளக்குக்கும் நடுவே ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். ஈரச்சாக்கும் தீயணைப்பானும் அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

செவிப்பறை

இந்தப் படத்துக்குப் பேயே ஒலிதான் என்பது என் கட்சி. உருவம் வேண்டாம்.

அம்மா கையில் ஒற்றை வளையல், அதில் இரண்டு மூன்று ஊக்கு தொங்குகிறது. வீட்டு வேலை செய்யும் நம் பெண்கள் வளையலில் ஊக்கைக் கோத்து வைப்பது சாதாரணம். முதல் நிமிடத்தில், அம்மா உயிரோடிருக்கும்போது, அவள் மாவு பிசைகிறாள், ஊக்கு வளையலில் பட்டு ‘கிணி கிணி’ என்கிறது. முகத்தைக்கூடக் காட்ட வேண்டாம், கையும் மாவும் அந்தச் சத்தமும் போதும். நாலாம் நிமிடத்தில் கட்டிலுக்கடியில் அதே சத்தம்.

அந்தச் சத்தத்தை நிஜ வளையலில்தான் எடுக்க வேண்டும். மைக்கை 20 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில். அதே சத்தத்தை மூன்று விதமாக எடுங்கள்: கிட்டத்தில், கதவுக்கு வெளியிலிருந்து, கட்டிலுக்கடியில் மைக்கைப் படுக்கவைத்து. கணினியில் எதிரொலி போட்டு ‘தூரம்’ செய்தால் காது ஏமாறாது.

அமைதிக்கு ஒரு வழி உண்டு. சமையலறை ஃப்ரிட்ஜின் உறுமலைத் தனியாக ஒரு நிமிடம் பதிந்து படம் முழுக்க அடியில் ஓடவிடுங்கள். யாருக்கும் அது கேட்பதாகவே தோன்றாது. வேண்டிய இடத்தில் மோட்டார் நிற்கும் அந்த ‘டொக்’கோடு அதை வெட்டுங்கள், அறை திடீரென்று காலியாகும். படப்பிடிப்பின்போது ஃப்ரிட்ஜை அணைத்துத்தான் வசனம் எடுக்க வேண்டும். அணைத்தவர் தன் கார் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டும், கிளம்பும்போது சாவி எடுக்க வந்து மறக்காமல் திரும்பப் போட்டுவிடுவார், வீட்டுக்காரர் சாப்பாடும் கெடாமல் தப்பிக்கும்.

காதுக்குக் கேளாத 19 ஹெர்ட்ஸ் ஒலியைச் சேர்த்தால் பயம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விக் டேண்டி என்ற பொறியாளர் 1998இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய பேச்சு அது, ஓர் ஆய்வுக்கூட மின்விசிறி எழுப்பிய அதிர்வைப் பற்றியது. பெரும்பாலானோர் உங்கள் படத்தைக் கைபேசியில் பார்ப்பார்கள். அந்த ஒலிபெருக்கியில் இவ்வளவு தாழ்ந்த சுருதிச் சத்தம் எதுவும் வராது. பயத்தை உயர்ந்த சுருதிச் சத்தத்தில் வையுங்கள், ஊக்கு அதற்குக் கச்சிதம்.

விடியல் காட்சிக்கு ஹடீடா பறவையின் கத்தல் இங்கே இலவசம். ராத்திரிக் காட்சி எடுக்கும்போதுதான் தவளையும் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரும் தொந்தரவு. ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிடம் வெறும் அறைச்சத்தம் பதியாமல் கிளம்பாதீர்கள்.

கதைக்கட்டு

செவிப்பறை சொன்ன வளையலை நான் ஆயா கையில் போடுவேன். தகனத்துக்கு முன் கழற்றிய வளையல். ஆயா அதைத் தன் கையில் போட்டுக்கொண்டு, பிள்ளை தூங்கிய பிறகு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுகிறாள். பகலில் பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்று அடக்கியது ராத்திரியில் வருகிறது. பிள்ளை கேட்டது அதைத்தான்.

உம்கேனிக்கரை

அப்படியானால் எல்லாம் பிள்ளையின் பிரமை என்று ஆகிவிடாதா? பேய்ப்படம் பார்க்க வந்தவனை ஏமாற்றுவது அது. பிள்ளையையும் பொய்க்காரி ஆக்குகிறோம்.

கதைக்கட்டு

ஆகாது, ஒரே ஒரு தடவையை மட்டும் விளக்காமல் விட்டால். பதினாறாம் நாள், கதவு சாத்திய படையல் அறைக்கு வெளியே ஆயா நிற்கிறாள். கேமராவில் அவள் இரண்டு கையும் தெரிகிறது, கூப்பியபடி அசையாமல். உள்ளேயிருந்து ஊக்குச் சத்தம் வருகிறது. ஆயாவும் கேட்கிறாள். பிள்ளை ஆயாவைப் பார்க்கிறது. அந்தப் பார்வையில் முதல் முறையாக ஒரு பெரியவரும் பிள்ளையும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

செவிப்பறை

ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சத்தம் ஒரே ஒரு முறை, இசை எதுவும் இல்லாமல்.

மஞ்சள்நூல்

பிள்ளையை நடிக்க வைப்பது பற்றி யாரும் பேசவில்லையே. சட்டப்படி 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை இந்த நாட்டில் வேலைக்கு வைக்கக் கூடாது. விளம்பரம், கலை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் 2004இல் வந்த பத்தாம் துறைத் தீர்மானம் (Sectoral Determination 10) என்ற தொழிலாளர் விதியின்படி தொழிலாளர் துறையில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நண்பர் வீட்டுப் பிள்ளைதானே என்று விடாதீர்கள்.

பிள்ளையை நிஜமாகப் பயமுறுத்தி முகபாவம் எடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதற்குத் தேவையே இல்லை. ‘தி பாபடூக்’ (2014) படத்தில் அம்மா மகனைக் கடுஞ்சொல்லால் திட்டும் காட்சிகளில் இயக்குநர் ஜெனிஃபர் கென்ட் சிறுவனை அறையில் வைக்கவில்லை. பெரியவர் ஒருவரை மண்டியிடச் சொல்லி, அவரைப் பார்த்து நடிகை கத்தினார். நீங்களும் அதையே செய்யலாம். ஆயா அழும் காட்சியில் பிள்ளை இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் ஷாட்டில் கட்டிலுக்கடியில் ஒரு பந்தை வைத்து, “பந்து அசையுதான்னு பாரு, அசைஞ்சா சொல்லாதே” என்றால் போதும். மூச்சடக்கிய முகம் தானாக வரும்.

அம்மா வேடம் போடுபவர் படப்பிடிப்புக்கு வெளியே பிள்ளையோடு விளையாட வேண்டும். பாடையில் படுத்த காட்சி முடிந்ததும் அவர் எழுந்து உட்காருவதைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

வெட்டுமேசை

ஒன்பது பயம் 14 நிமிடத்துக்கு அதிகம். மூன்று வையுங்கள். எது நிற்கும் என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: அந்த இடத்தை நீக்கினால் பிள்ளைக்கு அம்மாவைப் பற்றித் தெரிந்தது குறைகிறதா? குறையவில்லை என்றால் தூக்கிவிடுங்கள்.

திடுக்கிடல் ஒன்று வேண்டுமானால், ‘கேட் பீப்பிள்’ (1942) படத்துப் பேருந்துதான் பாடம். பெண் இருட்டில் நடக்கிறாள், பின்னால் ஏதோ வருகிறது, சீறல் கேட்கிறது, வந்து நிற்பது பேருந்து. உங்களிடம் அதே வேலைக்குப் பிரஷர் குக்கர் இருக்கிறது. சாவு வீட்டில் முதல் முறை அடுப்பு பற்றவைத்த நாள், பெண் கட்டிலுக்கடியில் குனிகிறாள், விசில். ஒரு முறைக்கு மேல் செய்தால் பார்ப்பவர் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.

வெட்டும் இடம்: பிள்ளை பார்ப்பதையும் பார்க்கப்படுவதையும் மாற்றி மாற்றிக் காட்டும் பழக்கத்தை இரண்டாம் பயத்துக்குப் பிறகு உடையுங்கள். முகத்தையே வைத்திருங்கள். எதிர்ஷாட் (அவள் பார்ப்பதைக் காட்டும் ஷாட்) வராதது சத்தத்தைவிட அதிகம் உறுத்தும். ஆறேழு நொடி தாண்டினால் அரங்கம் நெளியும், அங்கே வெட்டுங்கள்.

தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி. இப்போது கைவசம் இருப்பது: வயது ஆறு, “தூங்குறாங்க” என்ற சொல், செங்கல் வைத்த அம்மா, ஊக்கு வளையல், குக்கர் விசில், மூன்று பயம், கருமாதி இலை. ஒன்று மட்டும் தீரவில்லை. வீட்டில் அப்பாவும் பெண்ணும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், ஆயா வைக்கும் ஒப்பாரி தமிழ். இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது புரியாது. ஒப்பாரிக்கு ஆங்கிலத் துணைவரி போடலாமா?

செவிப்பறை

போடாதீர்கள். பிள்ளைக்குப் புரியாதது பார்ப்பவருக்கும் புரியாமல் இருக்கட்டும். பக்கத்து அறையில் ஆயாவின் குரல் ஏறி இறங்குவதே அவளுக்கு இன்னொரு பேய்.

மஞ்சள்நூல்

அதில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. தமிழ் தெரிந்தவர் அரங்கில் இருந்தால் பிள்ளைக்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆகவே ஒப்பாரியைச் சும்மா இழுத்து முனகவிடாதீர்கள், சொல் இருக்கட்டும். வளையலைக் கழற்றியதும், ராத்திரியில் போட்டுக்கொள்வதும் அந்த வரிகளிலேயே வரட்டும். பழைய பாட்டை எடுக்காமல் ஒப்பாரி தெரிந்த வயதான அம்மா ஒருவரிடம் சூழலைச் சொன்னால் அவரே கட்டிப் பாடுவார். அவருக்குப் பணம் கொடுங்கள், பெயரையும் போடுங்கள். ஒரே மூச்சில் முழுதாகப் பாடட்டும், நடுவில் நிறுத்தச் சொன்னால் திரும்ப அந்தக் குரல் வராது.

செவிப்பறை

இரண்டு மைக் வையுங்கள், ஒன்று அறைக்குள், ஒன்று சாத்திய கதவுக்கு வெளியே 105 சென்டிமீட்டர் உயரத்தில். ஒரே பாடல் இரண்டிலும் பதிவாகும். பெண் இருக்கும் ஷாட்டில் எல்லாம் கதவுக்கு வெளியே உள்ளதை மட்டும் பயன்படுத்துங்கள்.